கொக்கிஸ் வந்த வழி, குக்கீ வந்த வழி

கம்பம் பள்ளத்தாக்கில் பேக்கரிக்குப் போய்க் குக்கீ கேட்பவர் குறைவு. வெண்ணெய் பிஸ்கட், தேங்காய் பிஸ்கட், உப்பு பிஸ்கட் என்றுதான் கேட்பார்கள். ஆங்கிலேயர் ஆண்ட ஊர்களில் பிஸ்கட் என்ற சொல்தான் ஊன்றிக்கொண்டது. ஆனால் சின்னமனூரிலும் போடியிலும் கைபேசி பிடித்த பிள்ளைகள் ‘குக்கீகளை ஏற்கவும்’ என்ற பொத்தானைத் தினமும் அழுத்துகிறார்கள். பண்டம் வாய்க்கு வருமுன்னே பெயர் திரைக்கு வந்துவிட்டது.

சொல்லின் ஊர் ஹாலந்து. டச்சு மொழியில் ‘கூக்’ என்றால் கேக்; சின்னக் கேக் ‘கூக்யெ’. இன்றைய நியூயார்க் பகுதியில் குடியேறிய டச்சுக்காரர்களிடமிருந்து அமெரிக்க ஆங்கிலம் அதை எடுத்துக்கொண்டது. அங்கே குக்கீ பிள்ளைகளின் பொதுக்காரியத்தோடும் சேர்ந்தது. 1917-இல் ஓக்லஹோமா மாநிலத்தின் மஸ்கோகி ஊரில் சாரணியச் சிறுமிகள் தாங்களே சுட்டு, பள்ளி உணவகத்தில் விற்று, தங்கள் குழுவுக்குப் பணம் திரட்டினார்கள். 1922-இல் அவர்களுடைய பத்திரிகையே செய்முறையை அச்சிட்டு, டஜன் இன்ன விலைக்கு விற்கலாம் என்றும் சொன்னது. நம் பள்ளிகளில் அந்த வழக்கம் வேரூன்றவில்லை. டிசம்பர் 7 கொடி நாளுக்கு உண்டியலோடு போவதுதான் நம் பிள்ளைகள் அறிந்த வசூல்.

அதே டச்சுச் சொல் கிழக்கேயும் கப்பலேறியது. 1658 முதல் 1796 வரை இலங்கைக் கரையோரம் டச்சுக்காரர் கையில் இருந்தது. சிங்களவர் சித்திரைப் புத்தாண்டுக்குச் சுடும் ‘கொக்கிஸ்’ அந்தக் ‘கூக்யெ’யின் பன்மையிலிருந்து வந்ததுதான். பண்டம் என்னவென்று பார்த்தால் நம்முடைய அச்சு முறுக்கு! குமுளி மலையேறினால் அதுவே அச்சப்பம். ஆங்கிலோ இந்தியர் வீடுகளில் ரோஸ் குக்கீ. (துட்டு, கக்கூஸ் இரண்டும் டச்சுக்காரர் விட்டுச்சென்றவையே. கூடலூர்க்காரர் ‘கையில துட்டு இல்ல’ என்று சொல்லும்போது அவர் நாக்கில் இருப்பது ஹாலந்தின் செப்புக்காசு.)

அச்சு முறுக்குச் சுடுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்கு அந்தப் பெயரின் அருமை தெரியும். அரிசி மாவும் தேங்காய்ப் பாலும் சர்க்கரையும் கரைத்து, எள் தூவி வைத்திருப்பார்கள். பூப்போட்ட இரும்பு அச்சை முதலில் எண்ணெயில் காய வைக்க வேண்டும். காயாத அச்சில் மாவு பிடிக்காது. காய்ந்ததை மாவில் முக்கால் பாகம் மட்டும் முக்குவார்கள். முழுக்க முங்கினால் மாவு மேலேறிக் கவ்விக்கொள்ளும், முறுக்குக் கழன்று விழாது. எது அந்தப் பண்டத்தை உண்டாக்குகிறதோ அதையே பெயராக வைத்தார்கள் நம் ஆட்கள். ‘கூக்யெ’யைக் கடன் வாங்கும் தேவையே நமக்கு வரவில்லை.

கணினிக் குக்கீக்கு அப்படியொரு பெயர் இன்னும் அமையவில்லை. யூனிக்ஸ் நிரலாளர்கள், ஒரு நிரல் இன்னொன்றிடம் கொடுத்துவிட்டுத் திரும்பக் கேட்கும் சிறு தரவை ‘மாயக் குக்கீ’ என்றார்கள். நெட்ஸ்கேப் நிறுவனத்தில் லூ மொன்டுலி 1994-இல் அந்தப் பெயரையே எடுத்துக்கொண்டார். வலைத்தளத்துக்கு இயல்பில் ஞாபகம் கிடையாது; ஒவ்வொரு பக்கம் திறக்கும்போதும் நீங்கள் அதற்குப் புது ஆள். கூடையில் போட்ட பொருள் அடுத்த பக்கத்திலும் இருக்க வேண்டுமென்றால் ஓர் அடையாளம் வேண்டும். வீரபாண்டித் திருவிழாவில் செருப்பை விட்டுவிட்டு வாங்கும் டோக்கன் போல, தளம் ஓர் எண்ணை உலாவியிடம் கொடுக்கிறது. மறுபடி போகும்போது உலாவி அதைக் காட்டுகிறது.

இதை ‘நினைவி’ என்று எழுதுவோர் உண்டு. அழகான சொல்தான், ஆனாலும் எனக்கு அது பொருந்தவில்லை. பெரும்பாலும் உலாவியில் கிடப்பது வெறும் எண். நினைவு இருப்பது எதிர்ப்பக்கம், தளத்தின் கணினியில். ‘அடையாளச் சீட்டு’ என்றால் ஆபத்தும் சேர்ந்து விளங்கும். நாலு கடையிலும் ஒரே ஆள் மூலையில் உட்கார்ந்து உங்கள் சீட்டைப் பார்த்துக் குறித்துக்கொண்டால், நீங்கள் எங்கே போனீர்கள், எதைப் பார்த்தீர்கள் எல்லாம் அவன் கையில். விளம்பர நிறுவனங்களின் மூன்றாம் தரப்புக் குக்கீ செய்வது இதைத்தான்.

பெயர் விளங்குவது இப்போது சட்டத்துக்கும் வேண்டியதாகிவிட்டது. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒப்புதல் விவரம் அறிந்து தரப்பட வேண்டும் என்கிறது. அதற்கான அறிவிப்பை ஆங்கிலத்திலோ எட்டாம் அட்டவணை மொழி ஒன்றிலோ படிக்கும் வசதியும் தரச் சொல்கிறது. தமிழ் அந்த அட்டவணையில் இருக்கிறது. 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர் தரவுக்குப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும். பிள்ளைகளைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதற்கும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதற்கும் தடை உண்டு. உத்தமபாளையத்தில் ஒரு தாயிடம் ‘குக்கீகளுக்கு ஒப்புதல் தருகிறீர்களா’ என்று கேட்டால் அவர் எதை அறிந்து தருவார்? ‘உங்கள் பிள்ளையின் உலாவியில் அடையாளச் சீட்டு வைக்கலாமா, அதை யார் யார் படிப்பார்கள்’ என்று கேட்டால், வேண்டாம் என்று சொல்லவும் அவருக்குத் தெரியும்.