இலையும் கையுறையும்

தமிழர் கொடை மரபில் பொன்னுக்கும் பொருளுக்கும் உரிய இடத்தை யாவரும் அறிவர். இலைக்கு உரிய இடத்தை எண்ணிப் பார்ப்போர் சிலரே. சங்க அகப்பாடல்களில் தலைவன் தலைவிக்குத் தழையும் மலரும் கொண்டு வருவான். அதற்குக் கையுறை என்று பெயர். தழையை அவள் ஏற்று உடுத்தினால் அவன் அன்பையும் ஏற்றாள் என்பது பொருள். பிற்காலத்தில் அவ்விடத்தை வெற்றிலை பெற்றது. இரு வீட்டாரும் வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டால் மணம் உறுதியாயிற்று. இன்று மலேசியத் தமிழர் விழாநாட்களில் நண்பர்க்கு அளிக்கும் பரிசுகளுள் தேயிலைப் பொதியும் ஒன்று. ஆகவே இலையைக் கையுறையாக்கும் பழக்கம் நமக்குப் புதிதன்று; இலைதான் புதிது. அப்புதிய இலையின் வரலாற்றைச் சிறிது நோக்குவோம்.

முதலில் சொல்லைக் காண்போம். பினாங்குத் தீவில் பிரான்சிஸ் லைட் 1786-ல் குடியேற்றம் அமைத்தார். எதிர்க்கரையான செபராங் பிறை 1800-ல் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. அக்கரையின் வடபகுதியில் உள்ள ஊர் கெப்பாலா பத்தாஸ். மலாய் மொழியில் கெப்பாலா என்பது தலை. பத்தாஸ் என்பது வயல் வரப்பையும் எல்லையையும் குறிக்கும். வயல்சூழ்ந்த இவ்வூர்க் கடைத்தெருவில் ஹொக்கியன் சீனர் ‘தே’ என்பர். மலாய்க்காரர் ‘தெஹ்’ என்பர். தமிழர் ‘தேயிலை’ என்பர். மூன்றுக்கும் வேர் ஒன்றே. அது சீனத்தின் பூக்கியன் மாநிலக் கடற்கரைப் பேச்சில் வழங்கும் சொல். கடல்வழியே டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் பெற்ற சொல்லும் அதுவே. கன்டன் பேச்சிலும் வடசீனத்திலும் ‘சா’ என்பது வழக்கு. போர்த்துக்கீசியர் மக்காவிலிருந்து அதனைக் கொண்டனர். பாரசீகம், இந்தி முதலிய மொழிகளில் ‘சாய்’ என வழங்குவதும் அதுவே. நம் பேச்சில் உள்ள ‘சாயா’ இவ்வினத்தைச் சேர்ந்தது. பால் கலவாத தேநீரை இங்கே ‘தே ஓ’ என்கிறோமே, அந்த ‘ஓ’ கருமையைக் குறிக்கும் ஹொக்கியன் சொல்லாகும்.

ஆசிரியர்கள் மாணவர்க்கு இங்கு ஒன்று சொல்லலாம். ‘தேயிலை’ என்பதைத் ‘தேய் + இலை’ எனப் பிரித்தல் பொருந்தாது. ‘தே + இலை’ என்பதே முறை. ஏகார ஈற்றின்முன் உயிர் வந்தால் யகரமும் வகரமும் ஆகிய இரண்டும் உடம்படுமெய்யாக வரும் என்பது நன்னூல் விதி. ஈண்டு யகரம் வந்தது. பிறமொழிச் சொல்லாயினும் நம் இலக்கணத்துக்குள் வந்து அமைந்துவிட்டது. ‘தே + நீர்’ தேநீர் ஆகும். விளம்பரப் பலகைகளில் ‘தேனீர்’ என எழுதுகின்றனர். அது தேன் கலந்த நீரைக் குறிக்குமேயன்றித் தேயிலை நீரைக் குறியாது.

இனி வழக்கத்தைக் காண்போம். பழஞ்சீனத்தில் மணம் பேசும்போது மணமகன் வீட்டார் அனுப்பும் சீருக்கே தேயிலைச் சீர் என்னும் பொருளில் பெயர் இருந்தது. தேயிலைச் செடியை ஒருமுறை ஊன்றிய இடத்திலிருந்து பெயர்த்து நட்டால் பிழைக்காது என நம்பினர். ஆகவே அது மாறாத உறுதிக்கு அடையாளமாயிற்று. இன்றும் பினாங்குச் சீனர் திருமணங்களில் மணமக்கள் பெரியோர்க்குத் தேநீர் ஏந்துகின்றனர். பெரியோர் சிவப்பு உறையில் பணம் வைத்து வாழ்த்துகின்றனர். நாம் வெற்றிலையால் செய்ததை அவர் தேயிலையால் செய்தனர். அண்டை வீட்டுச் சீன நண்பர்க்குத் தேயிலை அளிப்போர் இவ்வொற்றுமையை அறிந்து அளித்தால் கொடை மேலும் பொருளுடையதாகும்.

செடி பெயராது என்பது நம்பிக்கை. வரலாறோ அதற்கு மாறாக நடந்தது. செடியும் பெயர்ந்தது, அதனைப் பேணத் தமிழரும் பெயர்ந்தனர். இலங்கையில் ஜேம்ஸ் டெய்லர் 1867-ல் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1869-ல் இலைத்துரு நோய் தோன்றிக் காப்பித் தோட்டங்களை அழிக்கத் தொடங்கியதும் தேயிலை அவ்விடத்தைப் பிடித்தது. கொழுந்து கொய்தவர் தமிழ்நாட்டிலிருந்து சென்ற மக்கள். 1948-ல் இயற்றப்பட்ட குடியுரிமைச் சட்டம் அவர்களுள் மிகப்பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964-ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்க இசைந்தது. அவ்வாறு திரும்பியோர்க்கு வாழ்வளிக்க 1968-ல் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் தொடங்கப்பட்டன. மலாயாவிலோ 1929-ல் கேமரன் மலையில் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தோட்டத்தைத் தோற்றுவித்தார். அங்கும் காடு திருத்தியவருள் தமிழர் பலர். பரிசுப் பெட்டியின்மேல் மலையின் பெயர் அழகாக அச்சிடப்பட்டிருக்கும். கொய்த கையைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இராது. அதனை நாம்தாம் அறிந்திருக்க வேண்டும்.

பரிசுக்கு இலையைத் தேர்வது எங்ஙனம்? பச்சைத் தேயிலையும் கறுப்புத் தேயிலையும் வெவ்வேறு செடிகள் என ஐரோப்பியர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை எண்ணியிருந்தனர். இராபர்ட் பார்ச்சூன் சீனம் சென்று கண்டபின்னரே செடி ஒன்று, பதப்படுத்தும் முறையே வேறு என்பது தெளிவாயிற்று. பறித்தவுடன் சூடேற்றினால் பச்சைத் தேயிலை. வாட்டிக் கசக்கிக் காற்றுபட வைத்து நிறம் மாறியபின் உலர்த்தினால் கறுப்புத் தேயிலை. இடைநிலையில் நிறுத்தினால் ஊலோங். கடைகளில் ஆற்றித் தரும் பால் தேநீருக்குத் தூளே ஏற்றது. பரிசுக்கோ முழு இலை வேண்டும். உலர்ந்து முறுகியதாய், நறுமணம் உள்ளதாய், தூசும் காம்பும் குறைந்ததாய் இருப்பது நல்லிலை. காற்றும் ஒளியும் புகாத தகரப் பெட்டியில் இடுக. ஏலம், கிராம்பு அருகே வையற்க. தேயிலை பிற மணத்தை விரைவில் ஏற்கும்.

காய்ச்சும் முறையையும் உடன் சொல்ல வேண்டும். ஒரு குவளைக்கு ஒரு சிறுகரண்டி இலை போதும். கறுப்பு இலைக்குக் கொதிநீர் ஊற்றி மூன்று முதல் ஐந்து நிமிடம் மூடி வைக்கலாம். பச்சை இலைக்கு நீர் கொதித்துச் சற்று ஆறியிருத்தல் வேண்டும். ஏறத்தாழ 80 பாகை வெப்பமும் இரண்டு நிமிடமும் போதும். மிகுந்தால் கசக்கும்.

மூலிகைகள் இவ்வினத்தைச் சேர்ந்தவை அல்ல. சுக்கும் மல்லியும், துளசியும், மலாய்க்காரர் விரும்பும் சங்குப்பூவும், சீனர் விரும்பும் செவ்வந்திப்பூவும் தேயிலைச் செடியில் தோன்றியவை அல்லவாதலின் அவற்றின் நீரைத் தேநீர் என்பதற்கு இடமில்லை. சித்த மருத்துவம் இதற்குக் குடிநீர் என்னும் நல்ல சொல்லை வைத்திருக்கிறது. பூவும் இலையும் வெந்நீரில் ஊறினால் போதும். சுக்கு, வேர், பட்டை ஆகியவற்றை நீர் சுண்டக் காய்ச்ச வேண்டும். காய்ச்சிய குடிநீருக்கு ஆயுள் ஒரு சாமமே என்பது சித்தர் கணக்கு. ஆதலால் சரக்கை உலர்த்தித் தருவதே வழி. கருவுற்றோர்க்கும் மருந்து உண்போர்க்கும் தருமுன் மருத்துவரைக் கேட்டல் நன்று.

குறுந்தொகையின் முதற்பாட்டில் தலைவன் கொணர்ந்த காந்தளைத் தோழி ஏற்கவில்லை. தங்கள் குன்றிலேயே காந்தள் நிறைய உண்டு என்கிறாள். திப்புத்தோளார் பாடிய அப்பாட்டு கொடுப்போர்க்கு நல்ல அறிவுரை. கேமரன் மலையில் வாழ்வோர்க்குக் கேமரன் தேயிலை கொண்டு செல்ல வேண்டா; நீலகிரி இலை கொண்டு செல்லலாம். தமிழகத்து உறவினர்க்குக் கேமரன் இலை தகும். பொதியோடு ஒரு சிறு தாளில் இலையின் பெயர், விளைந்த மலை, நீரின் சூடு, ஊறும் நேரம் ஆகியவற்றைத் தமிழில் எழுதி வையுங்கள். அம்மலையில் கொழுந்து கொய்தவர் யார் என்பதையும் ஒரு வரி எழுதுங்கள். அப்போதுதான் அது முழுமையான கையுறையாகும்.