குளங்கள் தாங்கிய உலர் வலயம்

இலங்கை 65,610 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள தீவு. வடமுனையிலிருந்து தென்முனைக்கு ஒரே நாளில் போய்விடலாம். அந்தச் சிறிய பரப்புக்குள் வட்டவளை போன்ற மேற்கு மலைச்சரிவு ஊர்களில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டுகிறது. மன்னார்க் கரையிலும் அம்பாந்தோட்டையிலும் 1,000 மில்லிமீட்டரை ஒட்டித்தான் பெய்கிறது. 2,500க்கு மேல் பெறும் இடங்களை ஈர வலயம் என்றும், 1,750க்குக் குறைவானவற்றை உலர் வலயம் என்றும், நடுவிலுள்ளதை இடை வலயம் என்றும் பாடநூல்கள் பிரிக்கின்றன. இந்தக் கோடுகளை வரையப் பழகும்போதே ஈர வலயம் வளமானது, உலர் வலயம் வறியது என்ற எண்ணமும் மனத்தில் ஒட்டிக்கொள்கிறது. தீவின் வரலாறு அதற்கு நேர்மாறாக நடந்திருக்கிறது. கிறிஸ்துவுக்கு முந்திய நூற்றாண்டுகள் தொடங்கி 13ஆம் நூற்றாண்டு வரை நாட்டின் பெருந்தலைநகரங்களாக இருந்த அநுராதபுரமும் பொலன்னறுவையும் உலர் வலயத்தில்தான் எழுந்தன. 993இல் படையெடுத்துத் தீவின் வடபகுதியைக் கைப்பற்றிய சோழர்கூடத் தலைநகராகத் தேர்ந்தது பொலன்னறுவையையே. ஈர வலயம் அப்போது பெரும்பாலும் காடு. உலர் வலயத்தின் சிக்கல் மழை வரும் காலத்தில் இருக்கிறது, அதன் அளவில் அவ்வளவாக இல்லை; அந்தக் காலக்கணக்கைக் கையாளும் சமூகம் நிலைத்திருந்தவரை அதுவே நாட்டின் நெற்களஞ்சியமாக இருந்தது; அந்த ஏற்பாடு குலைந்த பிறகே வறண்ட பூமியானது. இதுவே என் வாதம்.

வேறுபாட்டின் வேர் நடுமலைநாட்டில் இருக்கிறது. 2,524 மீட்டர் உயரமுள்ள பீதுருதலாகலையை உச்சியாகக் கொண்ட அந்த மலைகள், மே முதல் செப்டெம்பர் வரை வரும் தென்மேற்குப் பருவக்காற்றின் ஈரத்தை மேற்குச் சரிவிலேயே பிழிந்துவிடுகின்றன. மலை தாண்டி இறங்கும் காற்று சூடேறி, மட்டக்களப்புப் பக்கம் கச்சான் என்னும் காற்றாக வயலையும் வரப்பையும் காய்ச்சுகிறது. ஒக்டோபர் பிறந்தால் நிலைமை மாறும். இடைப்பருவ மழையும் அதைத் தொடரும் வடகிழக்குப் பருவமழையும் வடக்கு, கிழக்குச் சமவெளிகளை நனைத்து, பெரும்போக நெற்பயிருக்கு நீர் தருகின்றன. தேயிலையில் இந்த முறைமாற்றம் இன்றும் துல்லியமாகத் தெரியும். மணம் மிகுந்த ஊவாத் தேயிலை ஜூலை முதல் செப்டெம்பர் வரை கிடைக்கிறது. மலையின் மறுபுறத்துத் திம்புள்ளையில் நல்ல தேயிலையின் காலம் ஜனவரி முதல் மார்ச் வரை. எந்தப் பக்கத்தில் வறண்ட காற்று வீசுகிறதோ அந்தப் பக்கத்துக் கொழுந்துக்கு அப்போது மணம் கூடும்.

அநுராதபுரத்துக்கு ஆண்டில் ஏறத்தாழ 1,300 மில்லிமீட்டர் மழை கிடைக்கிறது. அது சென்னையின் மழைக்குப் பக்கத்தில் நிற்கும் அளவு; லண்டனுக்குக் கிடைப்பதைப்போல் இரு மடங்கு. இவ்வளவு மழை பெறும் ஊரை உலர்ந்தது என்பதற்குக் காரணம், அதில் பெரும்பங்கு சில மாதங்களுக்குள் கொட்டித் தீர்ந்துவிடுவதும், பிறகு மே கடைசி முதல் செப்டெம்பர் வரை வெயிலும் காற்றும் நிலத்தை உறிஞ்சுவதும்தான். அடியில் கடும்பாறை, மேலே காய்ந்தால் இறுகிவிடும் செம்மண். நிலத்தடியில் சேரும் நீர் சொற்பம். ஆனால் உலர் வலயம் முழுவதும் இப்படியே இருக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணாம்புக்கல் மழைநீரை உள்வாங்கி வைத்துக்கொள்வதால் அங்கே கிணற்றையும் துலாவையும் நம்பி விவசாயம் நடந்தது. வன்னியிலும் வடமத்திய சமவெளியிலும் நீரைத் தரைக்கு மேல் தேக்கினால்தான் பிழைப்பு.

தேக்கினார்கள். மன்னன் மகாசேனன் மின்னேரியாக் குளத்தைக் கட்டினான். 5ஆம் நூற்றாண்டில் தாதுசேனன் கலாவாவியைக் கட்டினான். அங்கிருந்து அநுராதபுரத்தின் திசாவாவிக்கு நீர் கொண்டுவரும் ஜயகங்கை ஏறக்குறைய 87 கிலோமீட்டர் நீளம். அதன் முதல் 27 கிலோமீட்டரில் கிலோமீட்டருக்கு 10 சென்டிமீட்டர் அளவே சரிவு. கண்ணுக்குத் தட்டுப்படாத அந்தச் சரிவை மண்ணில் பிடித்தவர்களின் கைத்திறன் என்னை வியக்க வைக்கிறது. அதைவிட நுட்பமானது குளக்கட்டின் உட்புறம் அவர்கள் அமைத்த துருசுக் கிணறு, சிங்களத்தில் பிசோகொட்டுவ. ஆழமான குளத்து நீரை நேராகக் குழாயில் விட்டால் அதன் அழுத்தம் கட்டையே அரித்துவிடும். ஆகவே கல்லால் சுவரெழுப்பிய சதுரக் கிணறு ஒன்றில் நீரை முதலில் விழவிட்டு, வேகத்தைத் தணித்து, அளவை அங்கேயே கட்டுப்படுத்தி, பிறகு கட்டுக்கு அடியால் வயலுக்கு அனுப்பினார்கள். பிரித்தானியர் காலத்து நீர்ப்பாசனப் பொறியாளர் ஹென்றி பார்க்கர் இந்த அமைப்பைத் தம் காலத்து அணைகளின் அடைப்பான் கோபுரங்களுக்கு முன்னோடியாகக் கண்டு வியந்தார். ஈர வலயத்து உழவனால் வேண்டாத நேரத்து மழையை நிறுத்த முடியாது. உலர் வலயத்து உழவன் நீரைத் திறக்கவும் மூடவும் முடிந்தது, வெயில் தாராளமாகக் கிடைத்தது, சமநிலமும் இருந்தது. நெல்லுக்கு இதைவிட வாய்ப்பான இடம் எது?

இதற்கு ஒரு மறுப்பு உண்டு: இவ்வளவும் வலிமையான மன்னர்களின் சாதனை, அதற்கும் தட்பவெப்பத்தை அறிந்த சமூகத்துக்கும் என்ன தொடர்பு? பெரும்பாசனம் கொடுங்கோல் நடுவரசை வேண்டும் என்று வரலாற்றாய்வாளர் விட்ஃபோகல் 1957இல் எழுதினார். பெருங்குளங்களைப் பொறுத்தவரை அதில் ஓரளவு உண்மை இருக்கிறது. அரச ஆணையும் ஊழியமும் இன்றிக் கலாவாவி எழுந்திராது. ஆனால் அநுராதபுரப் பகுதியின் புல் எலிய என்ற சிற்றூரை ஆராய்ந்த மானிடவியலாளர் எட்மண்ட் லீச், 1959இல் இதற்கு விடை சொன்னார். நாடெங்கும் பரவிக் கிடந்த ஆயிரக்கணக்கான சிறுகுளங்களை ஊரவரே பராமரித்தார்கள். அரசுகள் விழுந்த பிறகும் அவை இயங்கின. லீச் விவரித்த பெத்ம வழக்கத்தை உற்றுப் பார்க்க வேண்டும். மழை பொய்த்துக் குளத்தில் பாதி நீரே நின்றால், குளத்துக்கு அருகிலுள்ள வயல்களை மட்டும் விதைப்பார்கள். அவற்றின் உரிமையாளர் மட்டுமே பயிரிடுவதில்லை. எல்லாப் பங்காளரும் அவரவர் பங்கின் விகிதத்தில் அந்தப் போகத்துக்கு அதைப் பிரித்துக்கொள்வார்கள். மழை தாறுமாறாக வரும் நிலம் என்பதை ஏற்று, அதன் நட்டத்தை ஊரே பகிர்ந்துகொள்ள வகுத்த சட்டம் இது. எந்த மன்னனும் ஓலையில் எழுதி அனுப்பி இப்படியொரு வழக்கத்தை ஊன்றிவிட முடியாது.

இன்னொரு மறுப்பு வலுவானது: தட்பவெப்பமே மாறி மழை குறைந்ததால்தான் இந்த நாகரிகம் அழிந்தது என்பது. சில பத்தாண்டுகள் நீடித்த வறட்சிகள் வந்திருக்கலாம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உடைந்த கட்டுகளைப் பழுதுபார்த்தபோது கலாவாவி மறுபடி நிரம்பியது. பின்னர் மின்னேரியாவும் நிரம்பியது. இன்றைய மழையே அவற்றுக்குப் போதுமானால், பல நூற்றாண்டு நீண்ட பாழை மழையின் மீது மட்டும் சுமத்த முடியாது. 1215இல் கலிங்க மாகன் படையெடுத்த பிறகு ஆட்சி தம்பதெனியா, யாப்பகூவை, குருநாகல் என்று தென்மேற்கே நகர்ந்துகொண்டே போனது. பெருங்கட்டுகளைக் காக்கும் அதிகாரிகளும் மேல்மட்டத்தாரும் போய்விட்டார்கள். உடைப்பெடுத்த குளங்களில் நின்ற நீரில் நுளம்பு பெருகியது, மலேரியா மீள்குடியேற்றத்தைத் தடுத்தது. மலேரியாவே முதற்காரணம் என்பாரும் உண்டு. 1934–35 மலேரியாக் கொள்ளைநோய் அந்த முடிவைத் தயங்க வைக்கிறது. அது மிகக் கொடூரமாகத் தாக்கியது மழை மிகுந்த கேகாலை, குருநாகல் பக்கங்களை. அவ்வாண்டு பருவமழை தவறி, ஓடிக்கொண்டிருக்க வேண்டிய ஆறுகள் குட்டை குட்டையாகத் தேங்கியதே காரணம். பழக்கமில்லாத வறட்சிக்கு ஆயத்தமாக இராத அந்தப் பகுதிகளே மோசமாக அடிபட, தீவெங்கும் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டார்கள்.

கோப்பிக் காலத்தில் தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளைக்கு நடந்தது குளங்கள் உடைந்து பாழான இந்த உலர் வலயத்தின் வழியாகத்தான். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் தாகத்திலும் வழியோரம் விழுந்தவர்கள் ஏராளம். அவர்கள் கடந்த சமவெளி ஒரு காலத்தில் குளமும் வயலுமாக இருந்த நாடு. மலைநாட்டின் ஈரத்தைக் காசாக்க வந்த பிரித்தானிய அரசுக்கு அந்த நாடு வெறும் நடைபாதையாகவே தெரிந்தது. ஹென்றி வார்ட், வில்லியம் கிரெகரி போன்ற சில ஆளுநர்கள் விதிவிலக்கு. 1935இன் காணி அபிவிருத்திச் சட்டமும் 1949இல் தொடங்கிய கல்லோயாக் குடியேற்றத் திட்டமும் உலர் வலயத்தை மீண்டும் நெல் நிலமாக்கின. அது பெரும் பணி. ஆயினும் 'ஆளற்ற வறண்ட நிலம்' என்ற பேச்சில், சிறுகுளங்களை நம்பி அங்கே ஏற்கனவே வாழ்ந்த தமிழரும் முஸ்லிம்களும் சிங்களரும் வேடரும் கணக்கில் வராமல் போனார்கள். அந்தப் புறக்கணிப்பின் கசப்பு இன்னும் தீரவில்லை. 1976இல் பொல்கொல்லையில் மகாவலியைத் திருப்பியதிலிருந்து மலைநாட்டு மழை கலாவாவிக்கும் வந்து சேர்கிறது. இருந்தும், மேட்டுக் குளம் வான் பாய்ந்தால் அடுத்த குளம் நிரம்பும்படி ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிய சிறுகுளத் தொடர்களே வடமத்திய ஊர்கள் பலவற்றின் வயலுக்கு இன்றும் நீர் தருகின்றன. 2017இல் ஐ.நா.வின் உணவு விவசாய நிறுவனம் அவற்றை உலக வேளாண் மரபுச் சின்னமாக அறிவித்தது. பல குளங்கள் வண்டலால் தூர்ந்து கிடக்கின்றன. தொடரில் ஒன்று தூர்ந்தாலும் கீழுள்ளவற்றின் நீர்க்கணக்கு பிசகிவிடும். எனவே ஒரு குளத்தை மட்டும் தனியே எடுத்துத் தூர்வாரும் திட்டங்களுக்கு மாறாக, தொடர் முழுவதையும் ஒரே அலகாகக் கொண்டு அவ்வூர்ப் பங்காளர்களோடு சேர்ந்து செய்யும் வேலைக்கே நிதி போக வேண்டும்.