கதை சொல்பவர் நின்ற இடம்

ஒரு சிறுகதையைப் படித்து முடித்தவுடன் இதன் கருத்து என்ன என்று வினவுவதும், அடுத்தபடியாக அதில் வரும் பாத்திரங்களின் குணதோஷங்களை ஆராய்வதும் நம் பள்ளிக்கூடங்களிலும் வாசகர் கூட்டங்களிலும் வேரூன்றிவிட்ட வழக்கம். அவசியமான வழக்கமே. எனினும் கருத்துக்கும் பாத்திரத்துக்கும் உருவம் தருகிற மூன்றாவது அம்சம் ஒன்று உண்டு. கதை யாருடைய கண்ணால் காணப்படுகிறது, அந்தக் கண் எதைக் காணவல்லது, எதைக் காணாது என்பதே அது. தமிழ்ச் சிறுகதையின் முதல் முப்பது ஆண்டுச் சரித்திரத்தைப் பொறுமையாகப் பார்ப்பவருக்கு, கதை சொல்பவர் எங்கே நிற்பது என்ற இந்தப் பிரச்னைக்கு மேதாவிகள் ஒருவர்பின் ஒருவராகக் கண்ட விடைகளே அதன் வளர்ச்சி என்பது புலப்படும்.

உரைநடையில் கதை சொல்லும் வழக்கம் நமக்குப் புதிதன்று. தாண்டவராய முதலியாரின் பஞ்சதந்திரக் கதைகள் 1826-இலும், அஷ்டாவதானம் வீராசாமி செட்டியாரின் வினோதரச மஞ்சரி 1876-இலும் வெளிவந்து, மக்களின் அபிமானத்தைப் பெற்றிருந்தன. ஆனால் இவ்வகைக் கதைகளில் சொல்பவர் எல்லாம் அறிந்தவர்; அவருக்கு இது எப்படித் தெரிந்தது என்று கேட்கும் எண்ணம் கேட்பவருக்கு எழுவதில்லை; நீதியோ வேடிக்கையோ கைக்குக் கிட்டினால் போதும் என்ற திருப்தியுடன் அவர் எழுந்து செல்வார்.

இந்த நிலையில் ஒரு மாறுதலை உண்டாக்கியது, 1915-இல் விவேகபோதினிப் பத்திரிகையில் பாக்கியலக்ஷ்மி அம்மாள் என்னும் பெயரில் பிரசுரமான 'குளத்தங்கரை அரசமரம்'. அந்நாளில் புதுச்சேரியில் வாசம் செய்துகொண்டிருந்த வ. வே. சு. ஐயர் தம் மனைவியின் பெயரில் எழுதிய கதை அது. அதைச் சொல்வது குளத்தங்கரையில் நிற்கும் அரசமரமே. படித்துறை ஒன்று தான் கண்டதைச் சொல்வதாகத் தாகூர் 1884-இலேயே வங்காளத்தில் ஒரு கதை எழுதியிருந்தார். அதன் சாயல் ஐயரின் கதையில் உண்டென்று விமரிசகர்கள் சுட்டியிருக்கிறார்கள். அதனால் ஐயரின் சாதனை குறைந்துவிடவில்லை.

கதையைச் சற்று அருகில் சென்று நோக்குவோம். கதாநாயகி ருக்மிணியின் தகப்பனார் காமேசுவரையர் தம் செல்வத்தை அர்பத்நாட் கம்பெனியின் வீழ்ச்சியில் இழக்கிறார். 1906-இல் சென்னையில் மெய்யாகவே முறிந்து, பல குடும்பங்களைத் தெருவில் நிறுத்திய கம்பெனி அது. பணம் போனதும் சம்பந்தி வீட்டாரின் மனமும் மாறுகிறது. அவர்களுடைய மகனும் ருக்மிணியின் கணவனுமான நாகராஜனுக்கு வேறிடத்தில் இரண்டாம் விவாகம் நிச்சயமாகிறது. முகூர்த்த வேளையில் தாலி கட்ட மறுத்துப் பெற்றோருக்குப் பாடம் கற்பிப்பதென்பது அவனுடைய ரகசிய சங்கற்பம். அதைத் தன் நண்பன் ஸ்ரீநிவாசனிடம் சொல்கிறான், மனைவியிடம் சொல்லவில்லை. நண்பனுக்குச் சொன்னது மரத்தின் காதில் விழுகிறது. ருக்மிணியோ நம்பிக்கை இழந்து அந்தக் குளத்திலேயே உயிரை விடுகிறாள்.

உண்மையை அறிந்த மரத்துக்கு, அவளைத் தடுக்கக் கையும் இல்லை, காலும் இல்லை. எல்லாம் அறிந்த ஒரு கதாசிரியர் சொல்லியிருந்தால் வரதக்ஷிணைக் கொடுமையைப் பற்றிய உபதேசமாக மட்டுமே நின்றிருக்கக்கூடிய விஷயம், அறிந்தும் உதவ இயலாத சாட்சி ஒன்றின் வாயிலாக வருவதால், படிப்பவரின் நெஞ்சை அறுக்கும் வேதனையாகிவிடுகிறது. விளையாட்டுக்காகவேனும் ஒரு பெண்ணின் மனத்தை வருத்தலாகாது என்ற கருத்தை அந்த நோக்கிலிருந்து பிரித்தெடுத்தால், எஞ்சுவது வெறும் வாசகமே.

1933-இல் தோன்றிய மணிக்கொடிப் பத்திரிகை, 1935-இல் பி. எஸ். ராமையாவின் பொறுப்பில் சிறுகதைக்கென்றே வெளிவரலாயிற்று. அதில் எழுதியவர்களுள் கு. ப. ராஜகோபாலன் வேறொரு வழியைக் கைக்கொண்டார். அவருடைய 'விடியுமா?' என்னும் கதையில், கணவன் சென்னை ஆஸ்பத்திரியில் அபாய நிலையில் இருப்பதாகத் தந்தி வரப்பெற்ற குஞ்சம்மாள் இரவு ரயிலில் பிரயாணம் செய்கிறாள். அந்த இரவை நமக்குச் சொல்பவன் அவளுடன் செல்லும் சகோதரன். அவளுடைய அந்தரங்கத்துக்குள் அவன் புகுவதற்கில்லை. முகக்குறிப்பையும் இரண்டொரு பேச்சையும் கொண்டு ஊகிக்க மட்டுமே அவனால் இயலும். சொல்லப்படாத அந்தப் பகுதியை நாமே நிரப்ப வேண்டியிருப்பதால்தான் குஞ்சம்மாள் அத்தனை உயிருள்ள பாத்திரமாகிறாள்.

புதுமைப்பித்தனோ நாடறிந்த புராணத்தையே எடுத்து, பார்க்கும் இடத்தை மாற்றினார். அகலிகை சாபம் நீங்கிய வரலாறு இராமபிரானின் பாததூளியின் மகிமையைச் சொல்வதாகவே பரம்பரையாக வழங்கிவந்தது. 1943-இல் கலைமகளில் வந்த 'சாப விமோசனம்' விமோசனத்துக்குப் பின் அவள் வாழ்ந்த நாட்களைச் சொல்கிறது. ஊரார் பார்வையும் தன் நெஞ்சின் உறுத்தலும் அவளை வாட்டுகின்றன. தன்னை மன்னித்த இராமனே சீதையை அக்கினிப் பிரவேசம் செய்யச் சொன்னான் என்பதைச் சீதையின் வாயாலேயே கேட்கும்போது, அகலிகை மீண்டும் கல்லாகிறாள். நிகழ்ச்சிகள் நாம் அறிந்தவைதாம். நிற்கும் இடம் அகலிகையின் பக்கமாக மாறியவுடன், கருணையின் கதையாக இருந்தது நீதியைக் குறித்த கேள்வியாகிவிட்டது.

ஆதலின் சிறுகதை பயிலும் மாணவரிடம் ஆசிரியர்கள் முதலில் எழுப்ப வேண்டியது, இதைச் சொல்பவர் யார், அவருக்கு எவ்வளவு தெரியும் என்ற கேள்வி. அதற்கு விடை காண முயலும்போதே பாத்திரத்தின் மறைவான பக்கங்கள் துலங்கும். கருத்தும் தானே வந்து சேரும். அரசமரத்துக்குப் பதிலாக மாமியார் பேசியிருந்தால் என்னவாகியிருக்கும், குஞ்சம்மாளே பேசியிருந்தால் என்னவாகியிருக்கும் என்று அவர்களை எழுதிப் பார்க்கச் செய்யலாம். ஒரு துயரத்தை இன்னொருவர் இடத்தில் நின்று காணும் பழக்கம் அவ்வாறு இளம் உள்ளங்களில் படியுமானால், இலக்கியக் கல்வியின் பிரயோஜனம் அதுவே.