அணைக்கும் முன் சொல்லவேண்டிய சொல்

தென்மேற்குப் பருவக்காற்று மழையையும் கூட்டிக்கொண்டு மலையேறும் ஆனி ஆடி மாதங்களில், இலங்கை மலையகத்தின் அக்கரப்பத்தனைத் தோட்டத்து லயங்களில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், கரண்ட் எந்த க்ஷணத்தில் நிற்கும் என்று எவராலும் சொல்ல முடியாது. 2022 மார்ச் இறுதியிலோ நாடெங்கும் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு. ஆகையால் எங்கள் பிள்ளைகள் கணினியைத் திறக்கக் கற்கும்போதே முறைப்படி அணைக்கவும் கற்றாக வேண்டும்.

இந்த அணைக்கும் சம்பிரதாயத்துக்கு ஒரு சரித்திரம் உண்டு. 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் உருவாக்கத் தொடங்கிய யூனிக்ஸ் என்னும் இயங்குதளம், எழுதச் சொன்னதை உடனே வட்டில் எழுதாமல், வேகத்தை உத்தேசித்துச் சிறிது நேரம் நினைவகத்திலேயே வைத்திருக்கும்; அதற்குள் மின்சாரம் நின்றால் எழுதியது போயிற்று. அதனால் யந்திரத்தை நிறுத்துமுன் ‘சிங்க்’ என்னும் கட்டளையை, ஒவ்வொன்றும் தனி வரியாக, மூன்று தடவை தட்டும் வழக்கம் வேரூன்றியது. மந்திரம்போல் மும்முறை எதற்கு? முதற் கட்டளை எழுதும் வேலையைத் தொடக்கிவிட்டு, அது முடியுமுன்பே திரும்பிவிடக்கூடும். மற்ற இரண்டையும் விரல் தட்டி முடிக்கும் அவகாசத்தில் வட்டு தன் காரியத்தை முடித்துக்கொள்ளும். பின்வந்தோர் காரணம் மறந்து மூன்றையும் ஒரே வரியில் எழுதியபோது, அவகாசம் போய் எண்ணிக்கை மட்டும் மிஞ்சியது.

1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் யூனிக்ஸ் போன்ற லினக்ஸை வெளியிட்டபின், ஒரே வட்டில் விண்டோஸும் அதுவும் குடியிருக்கலாயின. எதைத் திறப்பது என்று கேட்க முதலில் லைலோவும் பின்னர் கிரப்பும் வந்தன. 2012இல் வந்த விண்டோஸ் 8, விரைவில் திறக்கும் பொருட்டு, அணைக்கும்போது தன் கருநிரல் என்னும் மையப் பகுதியின் நிலையை வட்டில் பதித்துவைத்து உறங்கத் தொடங்கியது.

அதன் விளைவை ஒரு மழை இரவில், உறவினர் வீட்டுப் பிள்ளையின் பழைய கணினியில் கண்டேன். லினக்ஸைத் திறந்தால், பரீட்சைக்காக விண்டோஸ் பகுதியில் அவன் எழுதிவைத்த கட்டுரை கண்ணெதிரே இருந்தும், படிக்க மாத்திரமே அனுமதி. ஓரெழுத்தும் திருத்த இயலவில்லை. விண்டோஸுக்குத் திரும்பி, கறுப்புத் திரையில் ‘ஷட்டவுன்’ என்ற சொல்லோடு, அணைப்பதற்குச் சாய்கோடிட்ட ‘எஸ்’ஸும், தாமதமின்மைக்குச் சாய்கோடிட்ட ‘டி’யும் பூஜ்யமும் சேர்த்து அடிக்கச் சொன்னேன். இப்படிக் கட்டளையிட்டால் அது உறங்காமல் முழுதும் அணையும். மறுபடி லினக்ஸைத் திறந்தபோது தடையில்லை.

பக்கத்தில் இருந்த அவனுடைய தாத்தா, ஸ்டோர் என்னும் தேயிலைத் தொழிற்சாலையில் பல காலம் உழைத்தவர், தட்டுகளில் கிடக்கும் தேயிலை முழுதும் இறங்கிய பிறகே காயவைக்கும் யந்திரத்தை நிறுத்துவோம் என்றார். பையன் வட்டின் சிறு விளக்கு அணையும்வரை காத்திருந்து, அப்புறம் சுவரிலிருந்து வயரைக் கழற்றினான்.