கருடன் கல்லும் பாம்பு சுற்றிய கல்லும்

யாழ்ப்பாண நகரிலிருந்து பண்ணைக் கடற்பாதை வழியே தீவுகளை நோக்கிச் செல்வோர்க்கு முதலில் எதிர்ப்படுவது மண்டைதீவு. ஆழமற்ற அக்கடலின் மேல், வெண்தலையும் செம்பழுப்புச் சிறகும் கொண்ட பருந்து வட்டமிடுவதை நாம் பலகாலும் கண்டிருக்கிறோம். மீனும் நண்டும் சிறு பாம்பும் அதன் இரை. பெரியோர் அதனைக் கருடன் என்று கூறிக் கைகூப்புவர். இரைதேடும் ஒரு பறவை தெய்வத்தின் ஊர்தியானதும், மன்னரின் முத்திரையானதும் எவ்வாறு?

இருக்கு வேதத்தில் வானிலிருந்து சோமத்தைக் கொணரும் பருந்து ஒன்று வருகிறது. மகாபாரதத்தின் ஆதிபருவத்தில் கதை விரிவடைகிறது. கத்துருவும் வினதையும் உடன்பிறந்த மகளிர். வஞ்சனை கலந்த பந்தயத்தில் தோற்ற வினதை, நாகங்களின் தாயாகிய கத்துருவுக்கு அடிமையாகிறாள். மகன் கருடன் அமுதத்தைக் கொணர்ந்து தாயை மீட்கிறான். நாகங்களை உணவாகக் கொள்ளும் உரிமை, இந்திரனிடம் அவன் பெற்ற வரம். ஆகவே இக்கதையின் நடுவில் நிற்பது வேட்டை அன்று. அடிமைத்தளையை அறுக்கும் வேட்கையே.

ஆனால் அரசுகள் கருடனை வேறுவகையில் கையாண்டன. கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் தட்சசீலத்திலிருந்து வந்த கிரேக்கத் தூதன் எலியோதோரசு, விதிசைக்கு அருகில் வாசுதேவனுக்குக் கருடத்தூண் நாட்டினான். அது பக்தியின் சின்னம். கி.பி. நான்காம் நூற்றாண்டில் சமுத்திரகுப்தனின் அலகாபாத் தூண் கல்வெட்டிலோ கருடன் பேரரசின் முத்திரையாகிவிடுகிறான். அவன் வேரறுத்த மன்னருள் நாகதத்தன், கணபதிநாகன், நாகசேனன் என்ற பெயர்கள் உள்ளன. கருட முத்திரை இட்ட ஆணைகளை வேண்டிப் பணிந்தோர் வரிசையில் சிங்களரும் ஏனைத் தீவினரும் வைக்கப்பட்டுள்ளனர். தாயை விடுவித்த பறவை, பணிந்தோர்க்கு ஓலை வழங்கும் பறவையாயிற்று.

நாகர் என்போர் பாம்பைக் குலக்குறியாகக் கொண்ட பழங்குடியினர் என்று வரலாற்றறிஞர் கோசாம்பி கருதினார். பாம்பெல்லாம் மக்கள், பருந்தெல்லாம் படையெடுப்பாளர் என்று கதையை நேராக வரலாறாக்கிவிடுதல் தகாது. எனினும் வென்றவனின் கையில் புராணம் எப்பக்கம் சாயும் என்பதை அத்தூண் தெளிவாகக் காட்டுகிறது.

இனி, நயினாதீவுக்கு வருவோம். அயலிலுள்ள புளியந்தீவிலிருந்து நாகம் ஒன்று அம்மனின் பூசைக்குப் பூவைக் கவ்விக் கடல்வழி நீந்தி வந்ததாம். கருடன் அதனைத் தாக்க வந்தான். நாகம் ஒரு பாறையைச் சுற்றிக்கொண்டது. கருடன் மற்றொரு பாறையில் அமர்ந்து காத்திருந்தான். அவ்வழியே கலத்தில் வந்த வணிகன் ஒருவன் நாகத்தை விடும்படி வேண்டினான். அம்மனுக்குக் கோயில் எடுப்பாயாயின் விடுகிறேன் என்றான் கருடன். வணிகன் இசைந்தான், நாகம் பிழைத்தது. கருடன் கல், பாம்பு சுற்றிய கல் என்ற இரு பாறைகளை இன்றும் காட்டுவர்.

இங்கே கருடன் வெல்லவில்லை, நாகமும் மாளவில்லை. தீவின் மக்கள் புராணப் பகையை வாங்கி, அதன் முடிவை மாற்றிவிட்டனர். நடுவனாக நின்றவன் முனிவனும் அல்லன், அரசனும் அல்லன், கடலோடும் வணிகன். இதன் காரணத்தை அக்கோயிலிலேயே உள்ள பன்னிரண்டாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒருவாறு உணர்த்துகிறது. அது முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணை. ஊராத்துறைக்கு, அதாவது இன்றைய ஊர்காவற்றுறைக்கு, வரும் பரதேசிகள் காக்கப்படவேண்டும். யானையும் குதிரையும் கொணரும் கலம் உடைந்தால் நாலில் ஒன்று அரசுக்கு, மூன்று உடையவனுக்கு. பிற சரக்குக் கலமாயின் சரிபாதி என்று அது விதிக்கிறது. சிங்கள மன்னன் தன் சட்டத்தைத் தமிழில் பொறித்தான்; கடலில் வருவோர் அறியும் மொழி அதுவாக இருந்தமையே காரணமாகலாம். கதைக்கும் கல்வெட்டுக்கும் நேர்த்தொடர்பு உண்டென்று நாம் வாதிடவில்லை. இரண்டும் ஒரே கடல்வாழ்வின் மேல் எழுந்தவை; அவ்வாழ்வுக்குப் பகை கேடு, உடன்பாடே பிழைப்பு.

மணிமேகலையும் மகாவம்சமும் கூட இதனையே வேறு உருவில் சொல்கின்றன. மணியாசனம் ஒன்றிற்காகப் போரிட்ட இரு நாக மன்னரைப் புத்தர் அமைதிப்படுத்தினார் என்கின்றன. மணிபல்லவமும் நாகதீபமும் நயினாதீவே எனக் கொள்வோர் பலர். இன்று அச்சிறு தீவில் நாகபூசணி அம்மன் கோயிலும் நாகவிகாரையும் அருகருகே நிற்கின்றன. சமாதானக் கதைகள் இத்துணை செறிந்த மண்ணில், அச்சமாதானத்தை நாம் காத்தோமா?

1986 ஜூன் 10ஆம் நாள் மண்டைதீவுக் கடலில் தொழிலுக்குச் சென்ற மீனவர் முப்பதுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். அன்று கடலில், விட்டுவிடு என்று வேண்ட ஒரு வணிகன் இருக்கவில்லை. வேண்டினாலும் கேட்கும் கருடன் இருக்கவில்லை. பழங்கதையிலும் ஒரு குறை உண்டு: வணிகனைப் போற்றும் அது, அவன் கலத்தை வலித்த கைகளைப் பற்றி ஒன்றும் கூறவில்லை. கடலுக்குப் பெரும்பலி கொடுப்போர் அக்கைகளுக்கு உரியோரே.

சின்னங்களுக்குப் பொருள் தருவோர் மனிதர். 1950இல் இந்தோனேசியா கருடனைத் தன் இலச்சினையாக ஏற்றது. அதன் சிறகுக்குப் பதினேழு, வாலுக்கு எட்டு, கழுத்துக்கு நாற்பத்தைந்து இறகுகள். 17.8.1945 அந்நாட்டு விடுதலைப் பறைசாற்றலின் நாள். அடிமைத்தளை அறுத்த பறவையை அம்மக்கள் அவ்வாறு மீட்டுக்கொண்டனர். நாமோ மீட்கவேண்டியது இரண்டு பாறைகளின் கதையை. மாணவர்க்கு அதனை அற்புதமாக மட்டும் சொல்லி நிறுத்தாமல், வலியவன் பிடியைத் தளர்த்திய ஓர் உடன்பாடாகவும் சொல்லிக் கொடுப்போமாக.