வேளைக்கீரையும் பாயில்லாத படுக்கையும்



இங்கிலாந்தில் இருக்கும் என் தங்கை பேத்தி பள்ளியில் லத்தீன் படிக்கிறாள். போன வாரம் வீடியோ காலில் ஒரு பாடத்தைக் காட்டினாள். கி.பி. 100 வாக்கில், விண்டோலாண்டா என்ற ரோமானியக் கோட்டையில் இருந்த தோழிக்கு கிளாடியா செவெரா என்ற பெண் அனுப்பிய கடிதம். மெல்லிய மரத்தகட்டில் மையால் எழுதியது. என் பிறந்த நாளுக்கு வந்துவிடு என்பதுதான் சேதி. எழுத்தர் எழுதி முடித்ததும் கடைசியில் அவளே கைப்படச் சில வரி சேர்த்திருக்கிறாள். பெண்கள் எழுதியதை வைத்துப் பழைய மொழியைச் சொல்லித் தருகிறார்களே என்று நினைத்தபோது நம்ம எட்டாம் வகுப்பு ஞாபகம் வந்தது.

சங்கப் புலவர்களில் பெண்கள் முப்பதுக்கு மேல். நம்ம பக்கம் என்றால் உடனே தகடூர் அதியமானும் அவ்வையாரும்தான். நானும் அந்த நெல்லிக்கனிக் கதையிலேயே பல வருஷம் ஓட்டியவன். ஒரு வருஷம் புறநானூறு 246-ஐக் கரும்பலகையில் எழுதிப் போட்டேன். பூதப்பாண்டியன் மனைவி பெருங்கோப்பெண்டு பாடியது. கணவன் இறந்ததும் தீயில் இறங்கப் போகிறவளைச் சான்றோர் தடுக்கிறார்கள். அவர்களுக்கு அவள் சொல்லும் பதில் அது.

"தெரிஞ்ச வார்த்தைக்கு அடியில கோடு போடுங்க" என்றேன். நெய், எள், புளி, பாய் எல்லாம் வந்தன. "வேளைன்னா எங்க காட்டு வரப்புல இருக்கற கீரைங்க சார்" என்று ஒரு பிள்ளை மறுநாள் செடியையே பிடுங்கி வந்தது. இரண்டாயிரம் வருஷத்துத் தமிழ் அரை மணியில் பிடிபட்டது. நெய் படாத பிழிந்த சோறு, எள் துவையல், புளி விட்டு வேகவைத்த வேளைக்கீரை, பாய் இல்லாமல் பருக்கைக் கல்லின் மேல் படுக்கை. இப்படிக் கிடக்கும் கைம்பெண் நான் அல்ல என்கிறாள் அந்த அரசி.

அப்போது கடைசி பெஞ்சில் இருந்து ஒரு குரல்: "எங்க அம்மாயியும் பாய்ல படுக்கறதில்லீங்க சார்."

எனக்குப் பேச்சு வரவில்லை. அதுவரை அதைக் கற்பின் பெருமை என்றே நினைத்திருந்தேன். உயிரோடு இருந்தால் என்ன கதி என்று அவள் ஒவ்வொன்றாக எண்ணிச் சொன்னது என் காதில் விழவே இல்லை. உடன்கட்டையை 1829-ல் வங்காளத்திலும் 1830-ல் சென்னை மாகாணத்திலும் சட்டம் போட்டு நிறுத்தினார்கள். கல் படுக்கைக்கு எந்தச் சட்டம்?

இதை ஏன் இப்போது எழுதுகிறேன் என்றால், என் கல்யாணத்தில் அம்மா சமையல்கட்டிலேயே இருந்துவிட்டார். அப்பா போய் மூன்று வருஷம் ஆகியிருந்தது. மணவறைக்கு வாங்கம்மா என்று நான் ஒரு வார்த்தை கூப்பிடவில்லை. வாத்தியார் வேலைக்கு வந்து புறநானூறு படித்த பிறகும் கூப்பிடாதவன்தான்.

வருகிற தையில் தங்கையின் இளைய பையன் கல்யாணம். மாப்பிள்ளை போய் நாலு வருஷம். மாங்கல்யத் தட்டை முதலில் தங்கை கையில்தான் தர வேண்டும் என்று சம்பந்தி வீட்டில் சொல்லிவிட்டேன், அவர்களும் சரி என்றார்கள். நம்ம பக்கத்துப் பெரியவர்கள் யாருக்காவது மனசு ஒப்பவில்லை என்றால் மண்டபத்தில் வைத்துப் பேச வேண்டாம், இப்போதே எனக்குப் போன் போடுங்கள்.