நனையாத பெட்டி: அலைச்சறுக்குப் புகைப்படத்தின் கதை

சுருண்டு விழும் ஒரு பெரிய அலை. அதன் உள்ளே, பச்சைக் கண்ணாடியில் குடைந்த குகை போன்ற இடத்தில், பலகை மேல் குனிந்தபடி ஒருவன் பாய்ந்து வருகிறான். காலண்டரிலோ கம்ப்யூட்டர் திரையிலோ இப்படி ஒரு படத்தைப் பார்க்காதவர்கள் குறைவு. பார்த்தவுடன் எல்லோரும் பலகை மேல் இருப்பவனைத்தான் வியக்கிறார்கள். சரி, படம் எடுத்தவர் எங்கே நின்றார்? நிற்கவே இல்லை! அதே அலைக்குள் நீந்திக்கொண்டு, தலைக்கு மேல் தண்ணீர் இடிந்து விழப்போகிற அந்த நொடியில் பொத்தானை அழுத்தியிருக்கிறார். அவர் கையில் ஒரு பெட்டி. பெட்டிக்குள் கேமரா.

கேமராக்களைப் பற்றி எழுதுகிறவர்கள் அந்தப் பெட்டியை உதிரிப் பொருள் என்று ஒதுக்கிவிடுவார்கள். அலைச்சறுக்கைப் பொறுத்தவரை கதை தலைகீழ். எந்தக் காலத்தில் எந்த மாதிரிப் பெட்டி கிடைத்ததோ, அந்த மாதிரிப் படம்தான் எடுக்க முடிந்தது. கேமரா பின்னால் வந்தது, அவ்வளவுதான்.

கேமராவைத் தண்ணீருக்குள் இறக்கும் ஆசை மிகப் பழையது. 1856-ல் இங்கிலாந்தின் டார்செட் பகுதியில் வில்லியம் தாம்சன் என்பவர் கேமராவை ஒரு பெட்டிக்குள் அடைத்து, கயிறு கட்டி, வேமத் வளைகுடாவில் இறக்கினார். பெட்டிக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. ஆனாலும் மங்கலாக ஒரு படம் விழுந்தது! 1893-ல் பிரான்ஸ் நாட்டு உயிரியலாளர் லூயி பூத்தான், தன் சகோதரர் அகுஸ்த் வடிவமைத்த பெட்டியோடு கடலடிக்குப் போய்ப் படம் எடுத்தார். இவர்களுடைய பெட்டிகள் கனமானவை. கடலடியில் அசையாமல் வைத்து, நிமிடக்கணக்கில் காத்திருந்து எடுக்க வேண்டும். அலையோ ஒரு நொடிகூடக் காத்திருக்காது. அதனால் அலைச்சறுக்குக்கு இந்தப் பெட்டிகளால் பயன் இல்லை.

அலைக்குள் கேமரா போன கதை ஹவாய்த் தீவில் தொடங்குகிறது. டாம் பிளேக் என்ற அமெரிக்கர். உள்ளே குழிவாக இருக்கும் லேசான சறுக்குப் பலகையைக் கண்டுபிடித்து 1932-ல் காப்புரிமை வாங்கியவர் இவர்தான். ஹவாயின் புகழ்பெற்ற நீச்சல் வீரர் டியூக் கஹானமோகு (1912, 1920 ஒலிம்பிக் போட்டிகளில் 100 மீட்டர் தங்கம் வென்றவர்) இவருக்கு நண்பர். அவரிடமிருந்து 1929-ல் ஒரு கிராஃப்லெக்ஸ் கேமராவைப் பிளேக் வாங்கினார். கிராஃப்லெக்ஸ் என்றால் சட்டைப்பையில் போடுகிற சமாசாரம் இல்லை. நல்ல பருத்த மரப்பெட்டி. மேலே தோலில் ஒரு கூண்டு. அதற்குள் முகத்தை வைத்துக் குனிந்து பார்க்க வேண்டும். இதைத் தண்ணீர் புகாத ஒரு பெட்டிக்குள் வைத்து, தன் பலகையில் ஏற்றி, வைகிகி கடலுக்குள் துடுப்புப் போட்டுப் போனார் பிளேக்.

அதுவரை இருந்த அலைச்சறுக்குப் படங்கள் பெரும்பாலும் கரையிலிருந்து எடுத்தவை. தூரத்தில் வெள்ளை நுரை, நடுவில் குண்டூசி மாதிரி ஒரு மனிதன். பிளேக்கின் படங்களில் பக்கத்து அலையில் வருகிறவனின் முகம் தெரிந்தது. நேஷனல் ஜியோகிராஃபிக் பத்திரிகை 1935 மே இதழில் அவருடைய படங்களை வெளியிட்டது.

அதற்கு முன்பே, 1931-ல் லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸில் வந்த பிளேக்கின் படம் ஒன்று கலிஃபோர்னியாவில் ஒரு இளைஞரைப் பிடித்துக்கொண்டது. ஜான் பால், எல்லோருக்கும் 'டாக்' பால். தொழில் பல் வைத்தியம். முதலில் அவரிடம் பெட்டி கிடையாது. சின்ன மடக்குக் கேமராவை வாயில் கவ்விக்கொண்டு, பலகையில் துடுப்புப் போட்டுப் போனாராம். (பல் டாக்டருக்குத் தன் பல் மேல் அவ்வளவு நம்பிக்கை!) அலை பெரிதாக வந்தால் வாயால் காப்பாற்ற முடியுமா? 1930களின் பிற்பாதியில் தன் கிராஃப்லெக்ஸுக்கு மரத்தால் ஒரு பெட்டி செய்தார், தூக்கிப் பிடிக்கக் கைப்பிடியோடு. அந்தப் பெட்டியோடு எடுத்த படங்களும் சேர்ந்து 1946-ல் 'கலிஃபோர்னியா சர்ஃப்ரைடர்ஸ்' என்ற புத்தகம் ஆனது. அச்சடித்தது 510 பிரதிகள் மட்டும். அந்த 510 பிரதிகளைப் பார்த்துத்தான் அடுத்த தலைமுறை கேமராவோடு கடலுக்குள் இறங்கியது என்றே சொல்லலாம்.

டாக் பாலின் நண்பர் லீராய் கிரானிஸ் இந்த வரிசையில் அடுத்தவர். தொலைபேசிக் கம்பெனி ஊழியர். வயிற்றுப் புண் வந்ததால், மனதுக்கு இதமாக ஒரு பொழுதுபோக்கு வைத்துக்கொள்ளும்படி டாக்டர் சொல்ல, 1959-ல் தன் 42-வது வயதில் கேமராவைத் தீவிரமாக எடுத்தார். அவர் கண்ட சிக்கல் வேறு. ஃபிலிம் தீர்ந்துவிட்டால் என்ன செய்வது? கரைக்கு நீந்தி வந்து, கை துடைத்து, ஃபிலிம் மாற்றி, மறுபடி அலைகளைத் தாண்டி உள்ளே போவதற்குள் நல்ல அலைகள் எல்லாம் போய்விடும். கிரானிஸ் உள்ளே ரப்பர் பூசிய ஒரு பெட்டி செய்து, உறிஞ்சுக் கிண்ணங்களால் அதைத் தன் பலகையில் ஒட்டவைத்தார். கடலில் இருந்தபடியே ஃபிலிம் மாற்றினார்! 1960களின் அலைச்சறுக்கு உலகத்தை இன்று நாம் பார்ப்பது பெரும்பாலும் இவர் கண் வழியாகத்தான்.

இதற்குள் பெட்டிகளின் உள்ளே ஓசையில்லாமல் ஒரு மாற்றம் நடந்துவிட்டது. ஓ-ரிங்! வட்டமான சாதாரண ரப்பர் வளையம்தான். டென்மார்க்கில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த நீல்ஸ் கிறிஸ்டென்சன் 1939-ல் இதற்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். வளையத்தை ஒரு பள்ளத்தில் உட்காரவைத்து மூடியை அழுத்தினால் ரப்பர் நசுங்கி இடைவெளியை அடைக்கும். வெளியே தண்ணீரின் அழுத்தம் கூடக்கூட ரப்பர் இன்னும் இறுக்கமாக இடுக்கில் போய் உட்காரும். எதிரியின் பலத்தையே தன் பலமாக்கிக்கொள்கிற வித்தை. ஆனால் வளையத்தின் மேல் ஒரு தலைமுடியோ ஒரு மணல் துகளோ கிடந்தால் போதும், அந்த வழியாகத் தண்ணீர் உள்ளே வந்துவிடும். கடற்கரையில் மணல் இல்லாத இடத்துக்கு எங்கே போவது? அதனால்தான் அனுபவசாலிகள் பெட்டியைக் கடற்கரையில் திறப்பதே இல்லை. வீட்டிலோ காருக்குள்ளோ மூடிக்கொண்டுதான் வருவார்கள்.

இன்னொன்றும் உண்டு. பெட்டியில் ஒவ்வொரு பொத்தானுக்கும் ஒரு துளை போட வேண்டும். ஒவ்வொரு துளையும் தண்ணீர் வர ஒரு வழி. பத்து பொத்தான் வேண்டும் என்றால் பத்து ஆபத்து.

பெட்டியே வேண்டாம், கேமராவே நனையாததாக இருந்தால் என்ன? கடல் ஆய்வாளர் ழாக் கூஸ்தோவுக்காக ஜான் டி வௌட்டர்ஸ் என்ற பெல்ஜியப் பொறியாளர் வடிவமைத்த கலிப்ஸோ கேமரா அப்படிப் பிறந்ததுதான். அதன் உரிமையை வாங்கி 1963-ல் நிக்கான் கம்பெனி நிக்கோனாஸ் என்ற பெயரில் வெளியிட்டது. கைக்கு அடக்கம், எடை குறைவு, கடலில் குதிக்கத் தயார். ஆனால் அலையில் அதன் குறைகள் தெரிந்தன. லென்ஸ் வழியாகப் பார்க்க முடியாது. தூரத்தைக் கண்ணால் கணக்குப் போட்டு ஃபோகஸ் வைக்க வேண்டும். ஒவ்வொரு படத்துக்கும் கையால் ஃபிலிமை நகர்த்த வேண்டும். அதன் புகழ்பெற்ற 15 மி.மீ. அகல லென்ஸ் முழுக்கத் தண்ணீருக்குள் இருந்தால்தான் தெளிவாக வேலை செய்யும். அலைச்சறுக்குப் படம் பாதி காற்றில், பாதி தண்ணீரில் நடக்கிற விவகாரம்! ஆக, முக்குளிப்பவர்களுக்குச் சரியாக இருந்தது அலைக்காரர்களுக்கு அரைகுறையாகத்தான் பொருந்தியது. நிக்கோனாஸ் வரிசையின் உற்பத்தி 2001-ல் நின்றது.

அதனால் அலைக்காரர்கள் மறுபடி பெட்டிக்கே திரும்பினார்கள். மோட்டார் வைத்த எஸ்.எல்.ஆர். கேமராக்களை ஃபைபர்கிளாஸ் பெட்டிக்குள் அடைத்து, ஒரே அலையைப் படபடவென்று பல படங்களாக எடுத்தார்கள். சறுக்குப் பலகை செய்கிற பட்டறைகளில் ஃபைபர்கிளாஸும் ரெசினும் தாராளமாகக் கிடந்தன. செய்யத் தெரிந்த கைகளும் இருந்தன.

இந்தக் கைவேலைக்காரர்களில் தனி ரகம் ஜார்ஜ் கிரீனோ. கலிஃபோர்னியாவின் சாண்டா பார்பராவில் 1941-ல் பிறந்தவர். முழங்கால் போட்டுச் சறுக்குவார். அலையின் குழாய்க்குள் போகிறவனுக்கு மட்டுமே தெரிகிற காட்சியை வெளியே கொண்டுவர வேண்டும் என்று ஆசை. திரைப்படக் கேமராவுக்குத் தானே ஒரு பெட்டி செய்து, 10 கிலோவுக்கு மேல் கனக்கும் அதை முதுகில் கட்டிக்கொண்டு, லென்ஸைப் பின்பக்கம் திருப்பிவைத்துச் சறுக்கினார். தவறி விழுந்தால் அந்தக் கனம் முதுகோடு சேர்ந்து உருளும். 1970-ல் வந்த 'தி இன்னர்மோஸ்ட் லிமிட்ஸ் ஆஃப் ப்யூர் ஃபன்' படத்தில், அலை தன்னைத்தானே உள்ளிருந்து மூடிக்கொள்வதை ஜனங்கள் பார்த்தார்கள். 1973-ல் வந்த 'கிறிஸ்டல் வாயேஜர்' படத்தில் பிங்க் ஃபிளாய்டின் 'எக்கோஸ்' இசையோடு 20 நிமிடங்களுக்கு மேல் அந்தக் காட்சிகள் ஓடுகின்றன. இன்று பார்த்தாலும் மூச்சு முட்டும்.

அடுத்த பெரிய திருப்பம் 2002-ல். நிக் உட்மன் என்ற இளைஞர் ஆஸ்திரேலியாவுக்கும் இந்தோனேஷியாவுக்கும் அலைச்சறுக்கப் போனார். அவருக்குத் தோன்றியது எளிய விஷயம். தேர்ந்த வீரர்களைப் படம் எடுக்க ஆள் இருக்கிறது, சாதாரணமானவனை யார் எடுப்பார்கள்? மணிக்கட்டில் கேமராவைக் கட்டிக்கொள்ள ஒரு பட்டை செய்ய ஆரம்பித்து, கடைசியில் பெட்டியோடு சேர்த்து கேமராவையே விற்றார். 2004-ல் வந்த முதல் கோப்ரோ டிஜிட்டல் கூட இல்லை; பிளாஸ்டிக் பெட்டிக்குள் 35 மி.மீ. ஃபிலிம் கேமரா!

கோப்ரோவும் ஒரு பாடத்தில் தடுக்கி விழுந்தது. ஹெச்.டி. மாடல்களின் ஆரம்பகாலப் பெட்டியில் லென்ஸுக்கு முன்னால் சின்னதாக வளைந்த கண்ணாடி இருந்தது. காற்றில் அருமையான படம், தண்ணீருக்குள் மங்கல். காரணம் ஒளிவிலகல். வளைந்த கண்ணாடி தண்ணீருக்குள் போனதும் காட்சியின் பிம்பம் கண்ணாடிக்கு மிக அருகிலேயே உருவாகிவிடும். ஃபோகஸ் மாற்ற முடியாத கேமராவுக்கு அது எட்டாது. பின்னால் தட்டைக் கண்ணாடி போட்டுச் சரிசெய்தார்கள். தட்டைக் கண்ணாடியிலும் குறை இல்லாமல் இல்லை. தண்ணீருக்குள் பொருள்கள் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும். அகலக் கோணம் சுருங்கிவிடும்.

ஆக, இப்போது ஒருவர் அலைக்காகப் பெட்டி வாங்கப் போனால் முதல் கேள்வி இதுதான்: எவ்வளவு பக்கத்தில் போகப்போகிறார்? கைக்கெட்டும் தூரத்தில் அலைக்குள்ளேயே என்றால் அகல லென்ஸும் குவிமாடம் போன்ற பெரிய கண்ணாடியும். கீழ்ப்பாதி கடல், மேல்பாதி வானம் என்று ஒரே படத்தில் எடுப்பதும் அதில்தான் சுலபம். கொஞ்சம் தள்ளி நின்று என்றால் நீள லென்ஸும் தட்டைக் கண்ணாடியும். சின்ன ஆக்‌ஷன் கேமரா தன்னைத்தானே எடுக்கத் தோதானது, அதை வைத்துப் பத்து மீட்டர் தள்ளி இருக்கும் நண்பனை எடுத்தால், டாம் பிளேக்குக்கு முந்தைய குண்டூசி மனிதன் திரும்பி வந்துவிடுவான் :-)

40 மீட்டர் ஆழம் தாங்கும் முக்குளிப்புப் பெட்டியை வாங்கிவிட்டால் அலைக்கும் ஆகும் என்று நினைப்பது பணத்தை வீணாக்கும். அது கனமானது, எல்லாப் பொத்தான்களும் கொண்டது. அலைக்காரருக்கு ஆழம் தேவையில்லை. பெட்டி லேசாக, கைவிட்டால் மிதப்பதாக, துப்பாக்கி விசை போன்ற கைப்பிடியோடு, இரண்டு மூன்று பொத்தான்களோடு இருந்தால் போதும். ஆஸ்திரேலியாவின் அக்வாடெக் போன்ற கம்பெனிகள் செய்வது அந்த வகை. மூலைகள் மழுங்கியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அலை பெட்டியைப் பிடுங்கித் திருப்பி அடிக்கும்போது முதலில் வாங்குவது எடுப்பவரின் முகம்தான்.

செலவுதான் கசப்பான பகுதி. இந்தப் பெட்டிகள் பலவும் குறிப்பிட்ட கேமரா மாடலுக்கென்றே அளவெடுத்துச் செய்தவை. கேமராவை மாற்றினால் பெட்டியையும் மாற்ற வேண்டிவரலாம். பெட்டி விலை கேமரா விலையைத் தொட்டுவிடுவது சாதாரணம். புது மாடல் மோகம் உள்ளவர்களுக்கு இந்தக் கலை ஒத்துவராது.

கண்ணாடியில் ஒட்டும் நீர்த்துளிக்கு மட்டும் இத்தனை வருஷத்தில் பெரிய கருவி எதுவும் வரவில்லை. அலைக்குள் போவதற்கு முன் தட்டைக் கண்ணாடியை நாக்கால் நக்குகிறார்கள், அல்லது எச்சில் துப்பித் தேய்க்கிறார்கள்! எச்சில் பட்ட இடத்தில் தண்ணீர் துளித்துளியாக நிற்காமல் மெல்லிய படலமாகப் பரவும். படத்தில் புள்ளி விழாது. லட்ச ரூபாய்ச் சாமானுக்கும் கடைசியில் எச்சில்தான்.

பெட்டி வந்த அன்றே கேமராவை உள்ளே வைத்துக் கடலுக்கு ஓடுவதும் வழக்கமில்லை. பெட்டிக்குள் ஒரு டிஷ்யூ காகிதத்தை மட்டும் போட்டு மூடி, வாளித் தண்ணீரில் அமுக்கிப் பிடித்து, எல்லாப் பொத்தான்களையும் அழுத்திப் பார்ப்பார்கள். அரைமணி கழித்து எடுத்து, வெளிப்பக்கத்தை நன்றாகத் துடைத்து, மெதுவாகத் திறந்து, முதலில் காகிதத்தைத்தான் தொட்டுப் பார்ப்பார்கள்.